குஷனில் ஒரு குழி

கடவுள் ஒரு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டு எழுந்து போனால், அதன் குஷனில் குழி விழுமா, விழாதா?

சிரிக்கத் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் எங்கள் எதிர்வீட்டில் இந்தக் கேள்வியை வைத்து ஏழு மாதம் சண்டை நடந்தது. இரண்டு பெட்டிகள் கட்டப்பட்டன. ஒரு சுவர் வீங்கியது. என்னிடம் இருக்கும் தத்துவ நூல்களை எடுத்துத் தேடிப் பார்த்தேன். நாற்காலியைப் பற்றி நிறையவே எழுதியிருக்கிறார்கள். அது நிஜமாகவே இருக்கிறதா, நாம் முதுகைத் திருப்பியதும் அதற்கு என்ன ஆகிறது, எதை நாற்காலி என்று சொல்கிறோம் என்று பக்கம் பக்கமாக. குஷனைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. அறிஞர்கள் எல்லோரும் மரப்பலகையில்தான் உட்கார்ந்து யோசித்திருப்பார்கள் போலிருக்கிறது.

சண்டைக்கு நடுவில் மாட்டிக்கொண்டவளை எல்லோரும் மடிப்பக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஐம்பதை எட்டிப்பிடிக்கும் வயது. பெரிய ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் வேலை. துவைத்த படுக்கை விரிப்புகள் சூடான உருளைக்குள் போய் மறுபக்கம் வெளியே வரும். அவற்றைப் பிடித்து, நான்காக மடித்து, தள்ளுவண்டியில் அடுக்க வேண்டும். ஒரு நாளைக்குத் தொள்ளாயிரம் விரிப்பு. அவள் அடுக்கினால் ஓரங்கள் கத்தியால் நறுக்கியது போல் ஒரே நேராக இருக்கும். வேறு யாராவது அடுக்கினால் வார்டில் இருக்கும் நர்ஸுக்கே தெரிந்துவிடும்: "இன்னிக்கு மடிப்பக்கா லீவா?"

அவளுடைய அப்பா ஒரு நாட்டிலிருந்து பிழைக்கப் போனவர். அம்மா வேறொரு நாட்டிலிருந்து. இருவரும் சந்தித்தது மூன்றாவது நாட்டில், ஒரு சோப்புத் தொழிற்சாலையில். அவர் சோப்பை வெட்டுவார், அம்மா காகிதம் சுற்றுவாள். அப்பா வீட்டில் கடவுளுக்கு உருவம் கிடையாது. வரைய நினைப்பதே தப்பு. அம்மா வீட்டில் கடவுளின் முகத்தைப் பார்க்காமல் காலையில் பல்கூடத் துலக்க மாட்டார்கள். இருவரும் கல்யாணம் செய்துகொண்டபோது இரண்டு குடும்பமும் ஒரே ஒரு விஷயத்தில் ஒத்துப்போயின: இதுகள் முகத்தில் இனி விழிப்பதில்லை.

சோப்புத் தொழிற்சாலை மூடியது. அடுத்த ஊரில் ஒரு பாட்டில் தொழிற்சாலை, அதற்கடுத்த நாட்டில் மீனை டப்பாவில் அடைக்கும் இடம் என்று பன்னிரண்டு வருடத்தில் ஐந்து முறை வீடு மாறினார்கள். ஒவ்வொரு முறையும் சாமான்களில் பாதியை விட்டுவிட்டுத்தான் கிளம்ப முடிந்தது. புதிய வீடு காலியாக இருக்கும். ஏழு வயதுப் பெண்ணுக்கு அது பிடிக்கவில்லை. விட்டுவிட்டு வந்த அலமாரியைச் சாக்கட்டியால் சுவரில் வரைந்தாள். அதே உயரம், அதே அகலம், கதவில் இருந்த கீறல்கூட விடவில்லை. ஒருநாள் வேலை முடிந்து அலுத்து வந்த அப்பா சட்டையைக் கழற்றி அந்த அலமாரிக் கதவில் மாட்டினார். சட்டை தரையில் விழுந்தது. ஓவியத்துக்காக அவளுக்குக் கிடைத்த முதல் பாராட்டு அதுதான். இரண்டாவது பாராட்டு வர நாற்பது வருடம் ஆனது.

அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. கிழிந்துபோய் ஆஸ்பத்திரி கழித்துப்போட்ட விரிப்புகள்தான் அவளுடைய திரை. பராமரிப்புப் பிரிவில் சுவருக்குப் பெயின்ட் அடிப்பவர், டப்பாவின் அடியில் மிஞ்சுவதைக் கொடுப்பார். ஆகவே அவளிடம் இருந்த நிறங்கள் நான்கு: வார்டின் வெள்ளை, சமையற்கூடத்தின் வெளிர்மஞ்சள், ஆபரேஷன் தியேட்டர் கதவின் நீலம், வராந்தாவின் பச்சை. பச்சைதான் நிறைய மிஞ்சும். அவள் வரைந்த கடல் பச்சை, வானம் பச்சை, குதிரை பச்சை. ஒரு ஓரத்தில் ஆஸ்பத்திரி முத்திரை இருக்கும். "கையெழுத்துப் போட மாட்டீங்களா?" என்று கேட்டேன். "அதான் முத்திரை இருக்கே" என்றாள்.

படங்கள் நன்றாக இருந்தனவா என்றால், இல்லை. அவள் வரையும் மேஜைக்கு எப்போதும் ஒரு கால் மற்ற மூன்றோடு பேச்சுவார்த்தை இல்லாதது போல் தனியாக நிற்கும். மனிதர்களுக்குக் கை வராது. ஆகவே எல்லோரும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டிருப்பார்கள். துணி மட்டும் சரியாக வரும். திரைச்சீலையோ, துண்டோ, தலையணை உறையோ, மடிப்பு என்று வந்துவிட்டால் அவள் கை பொய் சொல்லாது.

அப்பாவும் அம்மாவும் ஒரே வருடத்தில் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தார்கள். துக்கம் கேட்க அம்மாவின் அக்கா, அதாவது பெரியம்மா, பத்து நாள் இருந்துவிட்டுப் போவதாக வந்தாள். அது தெரிந்ததும் அப்பாவின் தங்கை, அதாவது அத்தை, அடுத்த வாரமே வந்து இறங்கினாள். பெண்ணைப் பெரியம்மா தன் பக்கம் இழுத்துக்கொண்டு போய்விடக் கூடாது என்று அத்தை காவலுக்கு இருந்தாள். அத்தை இழுத்துக்கொண்டு போய்விடக் கூடாது என்று பெரியம்மா காவலுக்கு இருந்தாள். இரண்டு பேருக்கும் துணை என்று வேறு யாரும் கிடையாது என்பதை இரண்டு பேரும் சொல்லிக்கொள்ளவில்லை. பத்து நாள் ஒன்பது வருடமானது. ஆளுக்கொரு அறை, மடிப்பக்கா கூடத்தில்.

பெரியம்மா பருத்த சரீரம். அத்தை ஒல்லி. இருவரும் நேருக்கு நேர் பேசிக்கொள்ள மாட்டார்கள். ஒரே சோபாவில் இரண்டு முனையில் உட்கார்ந்துகொண்டு, "உன் பெரியம்மாகிட்ட சொல்லு, ஃபேனைக் கொஞ்சம் குறைக்கட்டும்" என்பாள் அத்தை. "உன் அத்தைகிட்ட சொல்லு, அவங்களே எழுந்து குறைச்சுக்கட்டும்" என்பாள் பெரியம்மா. மடிப்பக்கா எழுந்து போய்க் குறைப்பாள்.

ஒருமுறை நான் கேட்டேன், இரண்டு பேரில் ஒருவரை ஊருக்கு அனுப்பிவிட்டால் நிம்மதியாக இருக்கலாமே என்று. "பெரியம்மா சிரிச்சா அம்மா சிரிக்கிற மாதிரி இருக்கும். அத்தை இருமினா அப்பாதான். இதுல எதை அனுப்பச் சொல்றீங்க?" என்றாள். வேடிக்கையாகத்தான் சொன்னாள். ஆனால் கையிலிருந்த காய்கறிப் பையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்.

தினமும் வேலைக்குக் கிளம்பும் முன் அவள் கூடத்துச் சுவரைப் பார்த்தபடி பத்து நிமிடம் சும்மா உட்கார்ந்திருப்பாள். மனதுக்குள் உருவத்தை நினைத்துக் கும்பிடுகிறாள் என்று பெரியம்மா நம்பினாள். உருவமே இல்லாததை நினைக்கிறாள் என்பது அத்தையின் நம்பிக்கை. அவள் என்ன நினைத்தாள் என்று எனக்குத் தெரியாது. சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள் என்பது என் கணிப்பு. ஏனென்றால் அந்தச் சுவருக்குக் கட்டிட உரிமையாளர் அப்போதுதான் புதிதாக வெள்ளை அடித்துக் கொடுத்திருந்தார்.

வம்பு அங்கேதான் ஆரம்பித்தது.

"சுவர் மொட்டையா இருக்கு. கடவுளை வரைஞ்சு வைடி. வரையலைன்னா நான் பெட்டியைக் கட்டிடுவேன்" என்றாள் பெரியம்மா.

"வரைஞ்சா நான் கட்டிடுவேன்" என்றாள் அத்தை, ஜன்னலைப் பார்த்துக்கொண்டு.

மூன்று நாள் உருளைக்கு முன்னால் நின்று மடிப்பக்கா யோசித்தாள். நான்காம் நாள் ஞாயிற்றுக்கிழமை. காலையில் அந்தச் சுவரில் தொடங்கி மாலையில் முடித்தாள். ஒரு அறை. திறந்த ஜன்னல், காற்றில் உப்பிய திரைச்சீலை. மேஜைமேல் பாதி குடித்த தண்ணீர் டம்ளர். சற்றே திறந்திருக்கும் கதவு. நடுவில் ஒரு நாற்காலி, அதில் வராந்தாப் பச்சையில் ஒரு குஷன். ஆள் இல்லை.

"கடவுள் எங்கடி?" என்றாள் பெரியம்மா.

"இப்பத்தான் எழுந்து போனார்."

பெரியம்மா கதவைப் பார்த்தாள். டம்ளரைப் பார்த்தாள். "தண்ணியை முழுசாக் குடிச்சுட்டுப் போயிருக்கக் கூடாதா?" என்றாள்.

அத்தை கிட்டே போய், கதவு இடுக்கு, திரைச்சீலைக்குப் பின்புறம், மேஜைக்கு அடியில் என்று ஒவ்வொரு இடமாகச் சோதித்தாள். "ஆள் யாரும் இல்லைல்ல?"

"இல்லத்தை."

"திரும்பி வந்து உட்கார்ற மாதிரி பிறகு வரைய மாட்டியே?"

"மாட்டேன்."

"அப்ப சரி."

நான் சுலபமாக எதையும் மெச்சுகிறவன் அல்ல. ஆனாலும் ஒத்துக்கொள்ள வேண்டும்: பல நூற்றாண்டுகளாகப் பெரிய பெரிய தலைகள் முட்டிக்கொண்ட இடத்தில், இந்தப் பெண் மேஜைக்காலைத் தப்பாக வரைந்துகொண்டே ஒரு வழியைக் கண்டுபிடித்துவிட்டாள். வீட்டில் சமாதானம் நிலவியது. இரண்டு வாரம்.

மூன்றாம் வாரம் பெரியம்மா புதுக் கண்ணாடி போட்டாள்.

"அடியே, இங்க வா. இந்தக் குஷன் என்ன சப்பாத்திப் பலகை மாதிரி இருக்கு? உட்கார்ந்தவர் எழுந்து போனா குழி விழ வேண்டாமா? இதைப் பார்த்தா அவர் வரவே இல்லைங்கிற மாதிரி இருக்கே!"

மடிப்பக்காவுக்கு இது நியாயமாகப் பட்டது. உண்மையைச் சொன்னால், குழி எப்படி வரைவது என்று அவளுக்குத் தெரியாது, அதனால்தான் விட்டிருந்தாள். சமையலறை நாற்காலியில் ஒரு குஷனைப் போட்டு உட்கார்ந்தாள். சட்டென்று எழுந்து திரும்பிப் பார்த்தாள். அதற்குள் குழி பாதி மேலே வந்துவிட்டது. மறுபடி உட்கார்ந்தாள், மறுபடி எழுந்து திரும்பினாள். நாற்பதாவது தடவையில் கீழ்வீட்டு எலெக்ட்ரீஷியன் மாடிப்படி ஏறி வந்தார்.

"என்னக்கா, மேல யாரோ குதிச்சுட்டே இருக்காங்க?"

"கடவுள் எழுந்து போறதைப் பார்த்துட்டிருக்கேன் தம்பி."

"எத்தனை தடவைக்கா போவார்?"

அவள் எடை போதவில்லை என்று தெரிந்தது. பெரியம்மா முன்வந்தாள். அவள் உட்கார்ந்து எழுந்தால் குழி கால் மணி நேரம் அசையாமல் நிற்கும். மடிப்பக்கா நிதானமாகப் பார்த்து வரைந்துவிட்டாள்.

மறுநாள் காலை அத்தை தேநீர்க் கோப்பையோடு கூடத்துக்கு வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"குழி விழுந்தா எடை இருக்குன்னு அர்த்தம். எடை இருந்தா உடம்பு இருக்கு. உடம்பு இருந்தா உருவம் இருக்கு. ஆளை வரையலைன்னு சொல்லிட்டு ஆளோட அடிப்பக்கத்தை வரைஞ்சு வெச்சிருக்கே!"

நான் அப்போது அங்கே இருந்தேன். அந்த வாதத்தில் ஓட்டை எங்கே என்று இன்றுவரை தேடிக்கொண்டிருக்கிறேன். அத்தை படித்தது நாலாம் வகுப்பு.

"அதுவும் இது யாரு உட்கார்ந்த குழின்னு எனக்குத் தெரியாதா?" என்று அத்தை தொடர்ந்தாள். "ஒன்பது வருஷமா இந்த சோபாவைப் பார்த்துட்டுத்தானே இருக்கேன்! உன் பெரியம்மாகிட்ட சொல்லு, கடவுள் அவங்க சைஸ் இல்ல."

"உன் அத்தைகிட்ட சொல்லு, அவங்க சைஸும் இல்ல. அவங்க உட்கார்ந்தா குஷனுக்கே தெரியாது."

"பெட்டியை எடு" என்றாள் அத்தை.

மடிப்பக்கா பெட்டியை எடுக்கவில்லை. தூரிகையை எடுத்தாள். குழி மறைந்தது. மாலையில் பெரியம்மா தன் பெட்டியைக் கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்தாள். குழி திரும்பி வந்தது. இப்படித்தான் ஆரம்பித்து, பிறகு ஒரு முறையே ஏற்பட்டுவிட்டது: திங்கட்கிழமை தட்டை, வியாழக்கிழமை குழி. வேலை முடிந்து வந்து, கைகால் கழுவி, குஷனைச் சரிசெய்துவிட்டுத்தான் சாப்பிடுவாள்.

நடுவழி எதையும் அவள் விட்டுவைக்கவில்லை. பாதி மேலெழும்பிய குஷன் வரைந்தாள். "பாதி உடம்பா?" என்றாள் அத்தை. குஷன்மேல் ஒரு துண்டைப் போர்த்தி வரைந்தாள். "உள்ள குழி இருக்கா இல்லையான்னு எனக்குத் தெரிஞ்சாகணும்" என்று பெரியம்மா சுவரிலேயே துண்டை விலக்கப் பார்த்தாள். கடைசியில் நாற்காலியில் ஒரு பூனையைப் படுக்கவைத்தாள்.

"கடவுள் எழுந்ததும் பூனை ஏறிக்குமா!" என்று இரண்டு பேரும் ஒரே குரலில் கத்தினார்கள். அன்று முழுக்க அந்த வீட்டில் இரண்டு பேரும் ஒரே கட்சி. பூனை போனதும் கட்சி உடைந்தது.

ஏழாவது மாதத்தில் குஷன் சுவரிலிருந்து அரை விரல் கனத்துக்குப் புடைத்துக்கொண்டு நின்றது. உள்ளே தண்ணீர்க் குழாய் கசிகிறதோ என்று கட்டிட உரிமையாளர் வந்து தட்டிப் பார்த்துவிட்டுப் போனார். ஒரே குஷனை அறுபது தடவை வரைந்த ஓவியர் வேறு யாராவது இருக்கிறார்களா என்று எனக்குத் தெரியவில்லை. விளைவு என்னவென்றால், படத்தில் மற்றதெல்லாம் பழையபடி சுமாராக இருக்க, குஷன் மட்டும் தனியாகத் தேறிவிட்டது. வெளிச்சம் எங்கிருந்து விழுகிறது, துணி எங்கே இழுபட்டு எங்கே தளர்கிறது என்பதெல்லாம் அவளுக்குப் பிடிபட்டுவிட்டது. பார்க்க வருகிறவர்கள் கையை நீட்டி அதைத் தொட்டுவிட்டு, அசடு வழிந்து கையை இழுத்துக்கொள்வார்கள்.

அந்தச் சமயத்தில்தான் ஆஸ்பத்திரியில் ஒரு அமைதி அறை கட்டினார்கள். நோயாளிகளின் வீட்டார் வந்து உட்கார, அழ, அவரவர் வழக்கப்படி கடவுளிடம் பேச ஒரு சின்ன அறை. எல்லோருக்கும் பொது என்பதால் சுவரில் என்ன வைப்பது என்று நிர்வாகிக்குத் தெரியவில்லை. எதை வைத்தாலும் ஒருவர் மனம் புண்படும். சலவைப் பிரிவின் சூப்பர்வைசர் தன் கைபேசியில் மடிப்பக்கா வீட்டுச் சுவரின் புகைப்படத்தைக் காட்டினார். நிர்வாகி மடிப்பக்காவைக் கூப்பிட்டனுப்பினார்.

"இது என்னம்மா படம்?"

"கடவுள் இப்பத்தான் எழுந்து போனார் சார்."

"யாருடைய கடவுள்?"

"அது எழுதலை சார்."

அவருக்குப் பரம திருப்தி. இதே படத்தை அங்கே வரைந்துவிடச் சொன்னார். ஒரே ஒரு நிபந்தனை. ஆஸ்பத்திரிச் சுவர்களை வாரம் இருமுறை கிருமிநாசினி போட்டுத் துடைப்பார்கள். ஆகவே படம் முடிந்ததும் அதன்மேல் கண்ணாடி மாதிரி ஒரு கோட்டிங் அடித்துவிடுவார்கள். "அப்புறம் ஒரு புள்ளிகூட மாத்த முடியாதும்மா. நல்லா யோசிச்சு முடிச்சுடுங்க."

திங்கள், வியாழன் என்று இனி சமாளிக்க முடியாது. ஒன்று குழி இருக்க வேண்டும், அல்லது இருக்கக் கூடாது. அதுவும் நிரந்தரமாக.

விஷயம் தெரிந்ததும் பெரியம்மா இம்முறை கத்தவில்லை. "வீட்டுல நீ எப்படி வேணா அழிச்சு அழிச்சு எழுது. அங்க வர்றவங்க, உள்ள தன் பிள்ளைக்கு என்ன ஆகுமோன்னு வந்து உட்கார்றவங்க. அவர் இங்க வந்து உட்கார்ந்திருந்தார்னு அவங்களுக்குத் தெரியணும்டி. குழி இல்லைன்னா நான் போயிடுவேன். இது சும்மா சொல்றதில்ல."

அத்தையும் கத்தவில்லை. "பாவம், அழுதுட்டு வர்றவங்க. அவங்க முன்னாடி போய்ப் பொய்யை வைக்காதே. அவருக்கு உட்கார இடம் வேணுங்கிறதே பொய். குழி இருந்தா நானும் இங்க இருக்க மாட்டேன்."

இரண்டு பேரும் துணிகளை மடித்துப் பெட்டியில் வைத்தார்கள். இதுவரை பெட்டியைக் கட்டுவேன் என்றார்களே தவிர உள்ளே எதையும் வைத்ததில்லை. இம்முறை மருந்துப் பெட்டிகூட உள்ளே போனது. அத்தையின் பெட்டிக்கு ஜிப் அறுந்திருந்தது.

"உன் அத்தைகிட்ட சொல்லு, என்கிட்ட ஒரு கயிறு இருக்கு" என்றாள் பெரியம்மா.

"இரவலா, இனாமான்னு கேளு."

"போற இடத்துல திரும்பி எங்க வந்து குடுப்பாங்களாம்? இனாம்தான்."

மடிப்பக்கா நடுவில் உட்கார்ந்து கயிற்றைக் கட்டிக்கொடுத்தாள். அந்த வாரம் அவள் மடித்த விரிப்புகளின் ஓரம் நேராக இல்லை என்று வார்டிலிருந்து புகார் வந்தது. பதினெட்டு வருடத்தில் முதல் புகார்.

மூன்று வாரம், வேலை முடிந்த பிறகு, அமைதி அறையின் கதவைச் சாத்திக்கொண்டு வரைந்தாள். யாரையும் உள்ளே விடவில்லை. வீட்டில் இரண்டு பேரும் அவள் நகக்கண்ணில் ஒட்டியிருக்கும் பெயின்டை வைத்து என்ன வரைந்திருப்பாள் என்று கண்டுபிடிக்கப் பார்த்தார்கள். எப்போதும் பச்சைதான். பச்சை, குழிக்கும் பொது, தட்டைக்கும் பொது.

திறப்பு நாள் ஒரு திங்கட்கிழமை பிற்பகல். அத்தையும் பெரியம்மாவும் ஒரே டாக்ஸியில், ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்தபடி, பெட்டிகளோடு வந்து இறங்கினார்கள். வாசலில் காவலாளி தடுத்தார்.

"எந்த வார்டும்மா? அட்மிஷனா?"

"இல்லப்பா. படம் பார்க்க வந்தோம்" என்றாள் பெரியம்மா.

"பெட்டியோடயா?"

"ஊருக்குப் போறது படத்தைப் பொறுத்து" என்றாள் அத்தை.

"ரெண்டு பேருமா போறீங்க?"

"யாராவது ஒருத்தர்" என்றார்கள் இருவரும். காவலாளி நகர்ந்து வழிவிட்டார்.

அறை சிறியது. எட்டு நாற்காலிகள், ஒரு காகிதக் கைக்குட்டைப் பெட்டி, திறக்க முடியாத ஒரு ஜன்னல். சுவர் முழுக்க ஒரு படுக்கை விரிப்பைத் தொங்கவிட்டிருந்தார்கள். மடிப்பக்கா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றாள். படத்தை அவள் பார்க்கவில்லை. இரண்டு பெட்டிகளையும்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். நிர்வாகி இரண்டு வாக்கியம் பேசிவிட்டு விரிப்பை இழுத்தார்.

திறந்த ஜன்னல், உப்பிய திரைச்சீலை. பாதி டம்ளர் தண்ணீர். சற்றே திறந்த கதவு. தரையில் ஒரு பச்சைக் கம்பளம். அவ்வளவுதான்.

நாற்காலி இல்லை.

நாற்காலி இருந்திருக்க வேண்டிய இடத்தில், கம்பளத்தில் நான்கு சின்ன வட்டப் பள்ளங்கள் இருந்தன. ஒவ்வொன்றும் ஒரு சட்டைப் பொத்தான் அளவு. வெகுகாலம் அங்கே நின்றிருந்த ஒரு நாற்காலியை இப்போதுதான் யாரோ நகர்த்தியது போல், கம்பளத்தின் நூல்கள் இன்னும் எழுந்திருக்காமல் அமுங்கிக் கிடந்தன.

"நாற்காலி எங்கடி?" என்றாள் பெரியம்மா.

"நாற்காலி எங்கடி?" என்றாள் அத்தை, அதே மூச்சில்.

அத்தை பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, கிட்டே போய் ஆராய்ந்தாள்.

"குஷன் இல்ல. அதனால குழியும் இல்ல."

"குழி இல்லையா? நாலு இருக்கு, எண்ணிப் பாருங்க" என்றாள் பெரியம்மா.

"அது நாற்காலி போட்ட குழி. நாற்காலிக்கு உருவம் இருந்தா எனக்கென்ன, சம்பந்தி?"

"ஆள் உட்காராத நாற்காலி இவ்வளவு அழுத்துமா?"

"அதுசரி, எடுத்துட்டுப் போனது யாரு?"

"வேற யாரு? அவர்தான். போறப்ப கையோட எடுத்துட்டுப் போயிட்டார்."

"அவருக்கு எதுக்கு நாற்காலி?"

"அடுத்த வீட்டுல போய் நின்னுட்டே இருப்பாரா?"

"தூக்கிட்டுப் போறதுக்கு முதல்ல கை வேணுமே!"

"எழுந்து போனார்னு சொன்னப்ப காலைப் பத்திக் கேட்டீங்களா?"

ஏழு மாதமாக அந்தக் கால் அத்தையின் கண்ணில் படாமல் போயிருந்தது. அவள் அருகில் இருந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பெரியம்மாவும் உட்கார்ந்தாள். ஒன்பது வருடத்தில் முதல் முறையாக இருவருக்கும் நடுவில் மடிப்பக்கா தேவைப்படவில்லை என்பதை இருவரும் கவனிக்கவில்லை. நிர்வாகி போனார், நர்ஸ்கள் போனார்கள். விவாதம் மாலை ஐந்தரைவரை நடந்தது. அத்தையின் ரயில் நாலே முக்காலுக்கு, பெரியம்மாவின் பஸ் ஐந்துக்கு. இரண்டு பெட்டிகளையும் தூக்கிக்கொண்டு மடிப்பக்கா முன்னால் நடக்க, பின்னால் இருவரும், "இல்ல சம்பந்தி, நான் என்ன கேக்கிறேன்னா" என்று சொல்லிக்கொண்டே வந்தார்கள்.

கயிறு அவிழ்க்கப்பட்டது. துணிகள் அலமாரிக்குத் திரும்பின.

கோட்டிங் அடித்தவர் பராமரிப்புப் பிரிவுக்காரர்தான். அவர் பிறகு ஒரு விஷயம் சொன்னார். திறப்பு விழாவுக்கு இரண்டு நாள் முன்பு, சனிக்கிழமை மத்தியானம் அளவெடுக்கப் போனபோது, அவர் கதவு இடுக்கு வழியாகப் பார்த்தாராம். சுவரில் நாற்காலி இருந்ததாம். முழுதாக, குஷனோடு, வேலை முடிந்த நிலையில். சாயங்காலம் கோட்டிங் டப்பாவோடு போனபோது இல்லையாம். செய்தி எட்டியதும் பெரியம்மாவும் அத்தையும் கைகோத்துக்கொண்டு அவரைத் தேடிப் போனார்கள்.

"நீ பார்த்தப்ப குஷன்ல குழி இருந்துச்சாப்பா?"

"கவனிக்கலையேம்மா."

"கண்ணு எதுக்குப்பா உனக்கு?" என்றாள் அத்தை. இருவரும் அவரை இன்றுவரை மன்னிக்கவில்லை.

ஆக, அவள் அதை வரைந்திருக்கிறாள். ஏதோ ஒரு பக்கம் முடிவும் செய்திருக்கிறாள். மூன்று வார உழைப்பு. அறுபது தடவை வரைந்து கைக்கு வந்த குஷன். அவள் படங்களிலேயே உருப்படியான ஒரே பொருள். மத்தியானத்துக்கும் சாயங்காலத்துக்கும் நடுவில் அதை எடுத்துவிட்டாள். சண்டையைத் தவிர்க்கத்தான் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். ஆனால் நாற்காலி இல்லாததைப் பார்த்து இரண்டு பேருமே கோபித்துக்கொண்டு இரண்டு பக்கம் போயிருக்கவும் கூடும். பெட்டிகளை அவள் பார்த்துக்கொண்டிருந்த பார்வையிலிருந்து, அது அவளுக்குத் தெரிந்திருந்தது என்றே நினைக்கிறேன். அந்த நான்கு வட்டங்கள் சரியாக வந்திருக்கின்றன. அதற்குமேல் நான் புகழப் போவதில்லை. மேஜைக்கால் அங்கேயும் தப்புதான்.

பெரியம்மா கேட்டுப் பார்த்தாள், அத்தை கேட்டுப் பார்த்தாள், நானும் கேட்டேன். நாற்காலியை ஏன் எடுத்தாள் என்று மடிப்பக்கா யாரிடமும் சொல்லவில்லை.